தேய்க்கும் முன் படித்தது

ஜனவரி 20, திங்கள்

என் பெயர் எத்திராஜ். வயது எழுபத்தொன்று. இதை எழுதுவது நான்தான்.

ஜனவரி 23, வியாழன்

இரண்டு நாள் எழுதவில்லை. மேலே உள்ள மூன்று வரிகளையே படித்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன.

எங்கள் வியாசர்பாடி எழுத்தறிவு மையத்தில் எட்டு மாதமாகப் படிக்கிறேன். மெர்லின் டீச்சர் இரண்டு நோட்டுகள் கொடுத்தார். ஒன்று இது. "இதுல மனசுல இருக்கறத எழுதுங்க தாத்தா. நான் பாக்க மாட்டேன்" என்றார். இன்னொன்று பார்த்து எழுதும் நோட்டு. அதைத் தினமும் சிவப்பு மையால் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார்.

தெருமுனைச் சுவரில் இருப்பதை இன்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். "இங்கு குப்பை கொட்டாதீர்." இருபது வருடமாக நான் அங்கேதான் கொட்டுகிறேன். வீட்டுக்கு வந்து பவுனிடம் சொன்னேன். பவுனு என் மனைவி.

"இப்பத்தான் தெரிஞ்சுதா? அங்க கொட்டக் கூடாதுன்னு அந்த வீட்டுக்காரன் தெனம் கத்தினு இருந்தானே" என்றாள்.

"அவன் குப்பையப் பத்திக் கத்தறான்னு எனக்கு இன்னா தெரியும்? குடிச்சிட்டுக் கத்தறான்னு நெனச்சேன்."

நாளையிலிருந்து தள்ளிப் போய்க் கொட்ட வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

என் வேலையைப் பற்றி எழுத டீச்சர் சொன்னார். எழுதுகிறேன்.

கொடுங்கையூரில் தயாளனின் கொட்டகையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பழைய டிவி, கம்ப்யூட்டர், மெஷின்களின் பலகைகள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றில் கறுப்பாக, சதுரமாக, இரு பக்கமும் கால்கள் முளைத்த சின்னச் சாமான்கள் ஒட்டியிருக்கும். கடைக்காரர்கள் ஐசி என்பார்கள், சிப் என்பார்கள். நாங்கள் பூச்சி என்போம். பூச்சிகளைச் சூடு காட்டிக் கழற்றுவது மற்றவர்கள் வேலை. என் வேலை தேய்ப்பது. ஒவ்வொரு பூச்சியின் முதுகிலும் நெல்மணியைவிடச் சின்னதாக எழுத்துகள் இருக்கும். தண்ணீர் தொட்டு, உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தால் அவை போய்விடும். பிறகு கன்னியம்மா கறுப்புப் பூசிக் காய வைப்பாள். தயாளன் மெஷினில் வைத்துப் புது எழுத்துப் பொறிப்பார். அப்போது பார்த்தால் நேற்றுப் பிறந்ததுபோல் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று தயாளன் கேட்டது நினைவிருக்கிறது. "படிக்கத் தெரியுமா நைனா?" தெரியாது என்றேன். "ரொம்ப நல்லது" என்றார். அவர் நல்ல மனிதர். நான்கு வருடத்துக்கு முன் என் இரண்டு கண்களுக்கும் புரை எடுக்க வைத்தவர் அவர்தான்.

பகலில் எழுத்தை அழிக்கிறேன், மாலையில் எழுத்தைப் படிக்கிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிப்ரவரி 12, புதன்

ஆங்கிலப் பெரிய எழுத்து இருபத்தாறும் முடிந்தது. பஸ்ஸுக்கும் பேங்குக்கும் உதவும் என்றார் டீச்சர். "எங்க எழுத்தப் பாத்தாலும் பாத்து எழுதுங்க. ஒரு நாளைக்குப் பத்து வரி. கை அப்பத்தான் ஓடும்."

நான் நாள் முழுவதும் பார்க்கும் எழுத்து பூச்சியின் முதுகில்தான் இருக்கிறது. அதனால் அதையே எழுத ஆரம்பித்தேன். பூச்சிகளை அடுக்கி வரும் தட்டின் எண்ணைப் போட்டு, தேய்ப்பதற்கு முன் இருப்பதை இடது பக்கம் எழுதுவேன். புது எழுத்தோடு தட்டு திரும்பி வந்ததும் அதை வலது பக்கம். பக்கம் பார்க்க அழகாக இருக்கிறது. பெண் வீடு ஒரு பக்கம், மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம் உட்கார்ந்த மாதிரி.

பதினோரு வருடத்தில் எத்தனை எழுத்தைப் படிக்காமலே அழித்தேன்! அழிவதற்கு முன் ஒரு தடவையாவது ஒருவர் படித்தால் அது எழுதப்பட்டதற்கு ஒரு மரியாதை.

பிப்ரவரி 19, புதன்

கன்னியம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா பெரிசு, பூச்சிக்கு ஜாதகம் எழுதறியா? பொருத்தம் பாக்கவா?"

"டீச்சர் குடுத்த பாடம்."

"ஓனரு பாத்தார்னா உனுக்குப் பாடம் எடுப்பாரு. உள்ள வெய்யி."

நோட்டைச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொள்கிறேன். தூசி படாமல் இருக்கத்தான்.

மார்ச் 7, வெள்ளி

தயாளன் போனில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். பூச்சியின் கடைசி வரியில் நான்கு எண்கள் இருக்கும், முதல் இரண்டும் அது பிறந்த வருடம், அடுத்த இரண்டும் வாரம் என்று. எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் பொருள் தெரியாமல் எழுதியதற்கு ஒரு பொருள் கிடைத்தது. சாப்பாட்டு வேளையில் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒன்பது. வலது பக்கம் இருபத்து நான்கு. பதினைந்து வயது குறைந்துவிட்டது.

மூன்று முறை விரல் விட்டு எண்ணினேன். பதினைந்துதான்.

கன்னியம்மாவிடம், "எனக்கும் ஒரு கோட்டிங் அடியேன். முதுகுல அம்பத்தாறுன்னு எழுதிக்கறேன்" என்றேன். அவள் தூரிகையோடு துரத்தினாள். நன்றாகச் சிரித்தோம்.

வாங்குகிறவனுக்குத் தெரியுமா என்று யோசித்தேன். பிறகு தெருவிளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்தேன். மூல நோய்க்கு மருந்தாம்.

மார்ச் 18, செவ்வாய்

புதுப் பூச்சிகள் வந்திருக்கின்றன. வெள்ளைப் பெட்டிகளில், பஞ்சு வைத்து. இவை எந்தப் பலகையிலும் ஒட்டிக் கழற்றியவை இல்லை. கால்கள் நேராக, பளபளவென்று இருக்கின்றன. முதுகில் "கே ஏழு" என்று தொடங்கும் எழுத்து.

தயாளன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இத நீ மட்டும் தேய் நைனா. வேற யார் கையிலயும் குடுத்துடாத. உன் கை பட்டாத்தான் சரியா வரும்."

பெருமையாக இருந்தது. மூன்று தட்டுகள் தேய்த்தேன்.

மார்ச் 20, வியாழன்

இன்றும் வெள்ளைப் பெட்டி. பழைய பூச்சிகள் போகும் இடத்துக்கே இவையும் போகின்றன. புது எழுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றே. எந்தக் கட்டில் போகிறது என்று காட்டக் கடைசியில் வரும் கட்டு எண் மட்டும் நாளுக்கு நாள் மாறுகிறது.

வெளியே போகும் அட்டைப்பெட்டியில் தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எங்கள் கொட்டகையில் தமிழ் எழுத்து பார்ப்பது அதிசயம். கு, டி, நீ, ர். குடிநீர்! அதன் கீழே, "குளோரின் கலக்கும் கருவிக்கு."

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "பவுனு, என் வேல தண்ணிக்குப் போவுது. ஊர் குடிக்கிற தண்ணிக்கு."

"அப்டியே நம்ம தெருக் கொழாய்க்கும் கொஞ்சம் போவச் சொல்லு. ஆறு கொடம் ரொம்பறதுக்குள்ள நின்னுடுது."

மார்ச் 21, வெள்ளி

கை வலி. பார்த்து எழுதவில்லை.

மார்ச் 24, திங்கள்

இன்று தயாளனிடம் கேட்டுவிட்டேன். "புதுசத் தேய்க்கறமே தம்பி, அது எதுக்கு?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "புதுசுன்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

"கால் நேரா இருக்கு."

"படிக்கக் கத்துக்கினியா நைனா?"

"பஸ் நம்பர் மட்டும்."

அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார்.

பொய் சொன்னதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை எழுதிவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பவுனு வேப்பம்பூப் பச்சடி செய்தாள். காலண்டரில் ராசிபலன் முழுவதும் நானே படித்தேன். எனக்குக் கீர்த்தி என்று போட்டிருக்கிறது. பவுனுக்கு அலைச்சல். "ஒரே ஊட்ல இருந்துனு உனுக்குக் கீர்த்தி, எனுக்கு அலைச்சலா?" என்று காலண்டரைத் திருப்பி மாட்டினாள்.

ஜூன் 30, திங்கள்

வெள்ளைப் பெட்டி அதற்குப் பிறகு வரவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று கொட்டகைக்குப் போலீஸ் வந்தது. தயாளனைக் கூட்டிப் போய்விட்டார்கள். எங்களை ஒரு பக்கம் உட்கார வைத்தார்கள்.

கூட ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தார். பெயர் லோகநாயகி. முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் உப்புத்தாள்களைத்தான் எடுத்துப் பார்த்தார். கன்னியம்மா பயத்தில் அழுததால், பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குப் புரியும்படி சொன்னார்.

போன வாரம் ஒரு குடிநீர் நிலையத்தில் குளோரின் கலக்கும் பெட்டி தானாக நின்றுவிட்டது. ஆனால் அதன் விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்திருக்கிறது. குழாயில் மருந்து வாசனை இல்லையே என்று ஒரு ஆபரேட்டர் மூக்கால் கண்டுபிடித்து, தண்ணீரை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த பூச்சியை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"வெளியில நல்ல கம்பெனி பேரு. உள்ள வேற ஒண்ணு. வீட்டுச் சுவர்ல யாருக்கும் தெரியாம ஒரு கதவு வெச்ச மாதிரிம்மா. எங்கயோ இருந்து ஒருத்தன் கூப்பிட்டா திறக்கும். அவன் நிறுத்துன்னா நிறுத்தும். நிக்கலன்னு பொய்யும் சொல்லும்."

இதே பெட்டி இருநூற்றுப் பன்னிரண்டு நிலையங்களில் இருக்கிறதாம். எதில் நல்லது, எதில் கெட்டது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. முதுகெழுத்து ஒன்றே. ஒவ்வொன்றாகக் கழற்றி உடைத்துப் பார்க்க இரண்டு மாதம். அதற்குள் அவன் எல்லாவற்றையும் ஒரே நாளில் கூப்பிட்டால்? தயாளன் காகிதங்களை எரித்துவிட்டார். வாயும் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். "படிச்சிருக்கியா பெரியவரே?"

"பள்ளிக்கூடம் போனதில்ல சார்."

"வுடுங்க, கைநாட்டு" என்று எங்களை அனுப்பிவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. நோட்டு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நோட்டு அப்போது என் மடியில், சாப்பாட்டுப் பையில் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. பவுனு குடம் வைக்குமுன் குனிந்து முகர்ந்தேன். மருந்து வாசனை இருந்தது.

"இன்னாயா, தண்ணியப் போயி மோந்துனு?"

"வாசன இருக்கான்னு பாத்தேன்."

வரிசையில் எனக்குப் பின்னால் பதினேழு பேர். பாதிப் பேர் இடுப்பில் குழந்தைகள். நாளைக்கும் நான் வந்து முகர வேண்டுமா? இருநூற்றுப் பன்னிரண்டு ஊரில் யார் முகர்வார்கள்?

மதியம் கன்னியம்மா வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். "பெரிசு, அந்த ஜாதக நோட்ட அடுப்புல போடு. கைநாட்டுன்னு வுட்டுட்டாங்க. சாமி புண்ணியம். நீ படிச்சவன்னு தெரிஞ்சா தெரிஞ்சே செஞ்சன்னு உள்ள வெப்பாங்க. உன்னிய வெச்சா பக்கத்துல என்னியும் வெப்பாங்க."

"உன் பேர எழுதல கன்னியம்மா. பூச்சி பேரு மட்டுந்தான்."

"அப்ப ஓனரு? கண்ணு குடுத்தவரய்யா உனுக்கு!"

அவள் போனபின் பவுனு கேட்டாள், "இன்னா நோட்டு?" எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் அடுப்புல போடுன்னா போட்ருவியா?"

"மாட்டேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு என்னியக் கேக்கற மாரி மூஞ்சிய வெச்சினு இருக்க? போ."

ஆகஸ்ட் 7, வியாழன்

மெர்லின் டீச்சரையும் அழைத்துக்கொண்டு லோகநாயகி அம்மாவைப் பார்க்கப் போனேன். டீச்சர் வழியெல்லாம் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். "ஐயோ தாத்தா, நான் இதெல்லாம் வண்டி நம்பர்னு நெனச்சுல்ல டிக் அடிச்சிருக்கேன்! ‘நன்று'ன்னு வேற போட்டிருக்கேன்!"

லோகநாயகி அம்மா முதல் பக்கத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "யார் எழுதினது?"

"நான்."

"தேய்க்கறதுக்கு முன்னாடி இருந்ததா இது?"

"ஆமா. இந்தப் பக்கம் முன்னாடி. அந்தப் பக்கம் பின்னாடி. டீச்சர் தேதி போட்டிருக்காங்க."

கம்ப்யூட்டரில், எந்தக் கட்டு எண் எந்த நிலையத்துக்குப் போனது என்ற பட்டியலைத் திறந்து, என் நோட்டில் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். நூற்று நான்கு பக்கம். நானும் டீச்சரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். என் எழுத்தை ஒரு இன்ஜினியர் படிக்கிறார். ஒரு எழுத்தைக்கூட இது என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

‘கே ஏழு' வந்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளின் கட்டு எண்கள் வலது பக்கம் இருந்தன. அந்த எண்கள் போன நிலையங்கள் முப்பத்தொன்று. அவர் உடனே போனை எடுத்து ஊர்ப் பெயர்களாகச் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது பெயர் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையம்.

போனை வைத்ததும் கேட்டார். "மார்ச் இருபத்தொண்ணு பக்கம் இல்லையே, தாத்தா. அன்னைக்கு லீவா?"

லீவு என்று சொல்லியிருக்கலாம்.

"வேலைக்கு வந்தேன். வெள்ளப் பெட்டிதான். நாலு தட்டு தேய்ச்சேன்."

"ஏன் எழுதல?"

"முந்தின நாள் குடிநீர்னு படிச்சிட்டேன். ராத்திரி படுத்து யோசிச்சேன். புதுச எதுக்கு மூஞ்சி மாத்தி தண்ணிக்கு அனுப்பணும்? அது நல்லதுக்கு இல்லன்னு மனசுல பட்டுச்சு. எழுதிட்டா தெரிஞ்ச மாதிரி ஆயிடும். அதான் எழுதல."

கை வலி என்று அன்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். கை வலிக்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. அந்த நாளின் கட்டு எண் தெரியாததால், முன்னும் பின்னும் போன பத்தொன்பது நிலையங்களையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும் என்றார். ஆக மொத்தம் ஐம்பது. "இருநூத்திப் பன்னெண்டுக்கு அம்பது பரவால்ல தாத்தா. நாலு நாள்ல முடிச்சிடுவோம்." அந்தப் பத்தொன்பதும் என் கணக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எங்கள் பக்கத்து நிலையத்தில் இன்று பெட்டியை மாற்றினார்கள். அதுவரை ஒரு ஆள் நின்று கையால் மருந்து கலந்தாராம். மதியத்துக்கு மேல்தான் தண்ணீர் வந்தது. தெருவே திட்டிக்கொண்டிருந்தது. பவுனும் சேர்ந்து திட்டினாள். என்னைத்தான் திட்டுகிறோம் என்று பவுனைத் தவிர வரிசையில் யாருக்கும் தெரியாது. சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பவுனும் கன்னியம்மாவும் கூட வந்தார்கள். உள்ளே பெஞ்சில் தயாளன். தாடி வளர்ந்திருந்தது.

"பஸ் நம்பர் மட்டுந்தான்னு சொன்னியே நைனா."

"பொய் சொன்னேன் தம்பி."

"உனுக்குக் கண்ணு நல்லாத் தெரியட்டும்னு நான்தானே செஞ்சேன்."

"ஆமா தம்பி. அதாலதான் அத்தினி சின்ன எழுத்தும் தெரிஞ்சுது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் மேல் எனக்கு இன்னும் பிரியம் உண்டு. போகும்போது பவுனு கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கட்ட விரல வெச்சிட்டுக் கெளம்புங்க. உங்கள சாட்சியாத்தான் போட்டிருக்கேன்."

"படிச்சிட்டு வெக்கறேன் சார்."

இரண்டு பக்கம். முக்கால் மணி நேரம் ஆனது. இன்ஸ்பெக்டர் டீ குடித்தார், போன் பேசினார், மின்விசிறியைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி வந்தது. ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேற்படி எழுத்துகளைப் படம் வரைவதுபோல் பொருள் தெரியாமல் பார்த்து வரைந்தேன்.'

"சார், இது தப்பு."

"உங்க நல்லதுக்குத்தான் பெரியவரே. அந்த வரி இருந்தா நீங்க சாட்சி. இல்லன்னா ஓனரோட நீங்களும் குத்தவாளி. பொருள் தெரிஞ்சு செஞ்சதா ஆயிடும்."

"பொருள் தெரியும் சார். மார்ச் ஏழாம் தேதி வருஷம் தெரிஞ்சிபோச்சு. இருபதாம் தேதி தண்ணின்னு தெரிஞ்சிபோச்சு. அப்பறமும் தேய்ச்சேன்."

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ் பெரிசு! கைநாட்டுன்னு சொல்லிட்டுப் போறதுல உனுக்கு இன்னாய்யா கொறஞ்சி பூடும்?"

பவுனைப் பார்த்தேன். அவள் இன்ஸ்பெக்டரிடம், "அதுக்கு ஒரு வெள்ளத் தாளு குடுங்க சார். எழுதாம வர மாட்டாரு" என்றாள்.

தாள் கொடுத்தார்கள். முதல் வரியில், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று எழுதினேன். பிறகு தேதி வாரியாக எல்லாவற்றையும் எழுதினேன். எழுதாத நாளையும் எழுதினேன். முடிக்க இரண்டு மணி நேரம். கீழே கையெழுத்துப் போட்டேன். மைப்பெட்டியை மூடி வைத்தார்கள்.

இந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஐம்பது பெட்டிகளும் மாற்றியாகிவிட்டது என்று லோகநாயகி அம்மா போன் செய்தார். நான் சொன்ன இரண்டு நாளில் முப்பத்தொன்றிலும் கெட்ட பூச்சி. நான் எழுதாத நாளில் பத்தொன்பதில் ஏழு. "ஏழும் கிடைச்சிடுச்சு தாத்தா" என்றார்.

இன்று என்னைக் கைது செய்தார்கள். வயதைப் பார்த்து ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட்டார்கள். வாரம் ஒருமுறை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மெர்லின் டீச்சருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

கைதுக் காகிதத்தில் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். வீட்டு வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தேன். பவுனு வந்து நின்றாள்.

"குத்தவாளின்னு போட்டுக் குடுத்திருக்காங்க. அதப் பாத்து சிரிச்சினு இருக்கறியே, உனுக்கு வெக்கமே கெடயாதாயா?"

"அதுக்குக் கீழ பாரு. கல்வி, எழுதப் படிக்கத் தெரியும். சர்க்கார் காகிதத்துல போட்டிருக்கான் பவுனு."

"ஆமா, பெரிய பட்டம்."

அவள் உள்ளே போகவில்லை. என் தோள்மேல் கை வைத்துக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். கடைசி வரியைக் காட்டி, "இது இன்னா?" என்று கேட்டாள்.

"கைது பண்ணத யாருக்குச் சொன்னாங்கன்னு போட்டிருக்கு. மனைவி, பவுனம்மாள்."

"எம் பேரா?"

"உம் பேருதான்."

கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருடத்தில் எந்த எழுத்தையும் காட்டி இது என்ன என்று அவள் கேட்டதில்லை. மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலை அந்த எழுத்துகள்மேல் படாமல், சற்று மேலே நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"எங்கேந்து ஆரம்பிக்குது?"